மருந்து சென்று சேராத இடம்

மராத்வாடாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து புனேக்கு வந்து நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்தவர் அவர். நகரக் கழிவுநீரில் வாழும் பாக்டீரியாக்கள் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை எவ்வளவு தாங்கி நிற்கின்றன என்பதே ஆய்வின் பொருள். ஐந்தாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. அகார் தட்டில் மருந்து வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டம் விழுந்திருக்கிறதா, விழுந்திருந்தால் அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து குறித்துக்கொள்வது அன்றாட வேலை. வட்டம் பெரிதானால் மருந்து பலிக்கிறது. வட்டம் இல்லையென்றால் பாக்டீரியா வென்றுவிட்டது. ஐந்து ஆண்டுகளில் அவர் அளந்த வட்டங்கள் சில ஆயிரங்களைத் தாண்டும்.

அப்படிப்பட்டவர் ஒரு ஜூலை மாத இரவில், வாயை ஒரு விரல் அகலம்கூடத் திறக்க முடியாமல், சொந்த உமிழ்நீரை விழுங்க முடியாமல், விடுதி அறைத் தோழரின் இருசக்கர வண்டியின் பின்னால் அமர்ந்து பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றார். வலப்பக்கத் தாடைக்குக் கீழே வீங்கி, தோல் சிவந்து, தொட்டால் பலகைபோல இறுகியிருந்தது. காய்ச்சல் நூற்றிரண்டைத் தாண்டியிருந்தது.

தொடக்கம் மார்ச் மாதத்தில். கீழ்த்தாடையின் வலப்பக்க இரண்டாம் கடைவாய்ப்பல்லில் குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்றது. பிறகு சூடான தேநீருக்கும் வலித்தது. குடித்து முடித்த பின்னும் அரைமணி நேரம் நின்று வலித்தது. வளாகத்துக்கு எதிரே இருந்த பல் மருத்துவர் பார்த்துவிட்டு, சொத்தை பற்கூழ் வரை இறங்கிவிட்டது, வேர்ச் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டும் என்றார். அதற்கு அவர் சொன்ன தொகை, விடுதி உணவகத்தின் இரண்டு மாதக் கட்டணத்தைவிட அதிகம். ஆய்வு உதவித்தொகை நான்கு மாதங்களாக வரவில்லை. எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இந்த நிலையை ஆய்வு மாணவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தொகை வந்ததும் செய்துகொள்ளலாம் என்று அவர் திரும்பிவிட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை தெருமுனை மருந்துக் கடையில், "காகா, பல் வலிக்கு ஏதாவது கொடுங்கள்" என்றார். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. வலி நிவாரணி ஒன்றையும், ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை அட்டை ஒன்றையும் எடுத்து வைத்தார். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை மருத்துவர் சீட்டின்றி விற்பது சட்டப்படி கூடாது. அவற்றில் வலிமையான பலவற்றுக்கு எச்1 என்னும் தனி அட்டவணையே 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவையெல்லாம் அவருடைய ஆய்வேட்டின் முதல் இயலில் அடிக்குறிப்புகளுடன் எழுதப்பட்டிருந்தன. ஓஃப்ளாக்சசின் சேர்ந்த குயினோலோன் குடும்பம், அவர் சேகரித்த கழிவுநீர்ப் பாக்டீரியாக்கள் மிக எளிதாகத் தாங்கிய குடும்பங்களில் ஒன்று என்பதும் இரண்டாம் இயலில் இருந்தது. அவ்வளவும் தெரிந்தவர், பணம் கொடுத்து மாத்திரையை வாங்கி விழுங்கினார். வலி அப்படிப்பட்டது.

மூன்றாம் நாள் வலி முற்றிலும் நின்றது. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று அவர் நம்பினார்.

நின்றது வலி மட்டுமே. பல்லின் நடுவில் இருக்கும் பற்கூழ் நரம்பும் இரத்தக் குழாயும் கலந்த மென்திசு. அதைச் சுற்றிலும் கடினமான சுவர். வேரின் நுனியில் ஊசித் துளை போன்ற வழியாகத்தான் இரத்தம் உள்ளே வந்து திரும்புகிறது. உடலின் வேறிடத்தில் அழற்சி ஏற்பட்டால் திசு வீங்க இடம் உண்டு. பல்லுக்குள் இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது, இரத்த ஓட்டம் நின்றுபோகிறது, பற்கூழ் சாகிறது. நரம்பும் சாவதால் வலி நிற்கிறது. அழற்சியால் வரும் அந்த முதற்கட்ட வலிக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தால் பயன் இல்லை. ஆயினும் மூன்று நாள் மாத்திரை தின்றவர், நரம்பு செத்ததன் பெருமையை மாத்திரைக்குக் கொடுத்துவிடுகிறார். அடுத்த முறையும் அதே அட்டையைக் கேட்கிறார். அக்கம்பக்கத்தாருக்கும் பரிந்துரைக்கிறார்.

செத்த பற்கூழ் பாக்டீரியாக்களுக்கு நல்ல இருப்பிடம். 1965இல் ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் ஓர் எளிய சோதனையால் இதைக் காட்டினார்கள். நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கும், சாதாரண எலிகளுக்கும் பல்லைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளில் பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் கட்டியது. நுண்ணுயிரற்ற எலிகளில் உணவுத் துணுக்குகள் உள்ளே அடைந்திருந்தும் அப்படி நேரவில்லை. திறந்த இடத்தைப் பல்லே புதிய தந்தினியால் மூடிக்கொள்ளத் தொடங்கியது. நோய்க்குக் காரணம் பாக்டீரியா என்பதில் ஐயம் இல்லை. பாக்டீரியாதான் காரணம் என்றால் அதைக் கொல்லும் மாத்திரை போதாதா என்பது இயல்பாக எழும் கேள்வி. மாத்திரை இரத்தத்தின் வழியே பயணம் செய்கிறது. செத்த பல்லுக்குள் இரத்தம் போவதில்லை. பாக்டீரியாக்கள் வேர்க்குழாய்ச் சுவரில் படலமாகப் படிந்து உள்ளே இருக்க, மருந்து வேர் நுனிக்கு வெளியே நின்றுவிடுகிறது.

ஜூன் மாதம் அந்தப் பல் சற்று உயர்ந்துவிட்டது போலத் தோன்றியது. கடித்தால் வலித்தது. மீண்டும் அதே கடை, அதே அட்டை. இரண்டு நாள் சாப்பிட்டு நிறுத்திவிட்டார். ஆய்வு முன்னேற்றக் குழுவின் கூட்டம் இருந்தது. ஜூலை இரண்டாம் வாரத்தில் தாடைக்குக் கீழே வீக்கம் தொடங்கியது. தொடங்கிய முப்பத்தாறு மணி நேரத்தில் வாய் பூட்டிக்கொண்டது.

அவசரப் பிரிவில் அவரைப் பார்த்தவர் வாய், முக அறுவைத் துறையில் முதுநிலைப் பயிற்சியில் இருந்த இளம் பெண் மருத்துவர். அவர் முதலில் பல்லைப் பார்க்கவில்லை. "நாக்கை வெளியே நீட்ட முடிகிறதா? மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா? குரல் எப்போதிலிருந்து இப்படி மாறியது?" என்று கேட்டார். பிறகு வாய்க்குள் விரலை நுழைத்து நாக்கின் அடித்தளம் மேலே தூக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். தாடையின் இடப்பக்கத்தையும் அழுத்திப் பார்த்தார்.

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. 1836இல் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக், கழுத்தின் மேற்பகுதியும் வாயின் அடித்தளமும் இறுகி வீங்கி, சில நாட்களில் உயிரைப் பறிக்கும் நோயை விவரித்தார். லுட்விக் ஆஞ்சைனா என்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பெரும்பாலும் அதன் தொடக்கம் கீழ்த்தாடைக் கடைவாய்ப்பல். வாய்த்தளத்தைத் தாங்கும் தசை தாடை எலும்பின் உட்புறத்தில் ஒரு கோட்டில் ஒட்டியிருக்கிறது. இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள் பெரும்பாலும் அக்கோட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதால், அங்கிருந்து கசியும் சீழ் வாய்க்குள் வராமல் நேரே கழுத்துப் பகுதிக்குள் இறங்குகிறது. இருபுறமும் பரவி நாக்கை மேலும் பின்னும் தள்ளினால் மூச்சுப்பாதை அடைபடும். நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் பாதிப்பேருக்கு மேல் இறந்தார்கள்.

அவருக்கு வீக்கம் இன்னும் இடப்பக்கம் தாண்டவில்லை. "நாளை காலை வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது" என்று மட்டும் மருத்துவர் சொன்னார். பிறகு, பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டார். அவர் தலையசைத்தார். சிறுவயதில் பென்சிலின் வகை மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்தார். பள்ளி உடல்நல அட்டையில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது.

மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு வேறு மருந்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "வீட்டில் யாரையாவது கேட்க முடியுமா?" என்றார். இரவு பதினொன்றரை. அறைத் தோழர் ஊருக்கு அழைத்துக் கைபேசியை அவர் காதருகே பிடித்தார். பேச முடியாத மகனின் முனகலைக் கேட்டதும் தாய், "பாளா, என்ன ஆயிற்று?" என்று அழத் தொடங்கிவிட்டார். மருத்துவர் கைபேசியை வாங்கி, "ஆயி, பயப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று மராத்தியில் சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்டார். மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் கழித்து நேர்ந்தது? உடம்பில் தடித்துத் தடித்து எழும்பியதா? முகம் வீங்கியதா? மூச்சு வாங்கியதா? தாய் நினைவுபடுத்திச் சொன்னார். ஐந்து வயதில் காது வலிக்கு ஒரு திரவ மருந்து கொடுத்தார்கள், இரண்டு நாள் வயிற்றால் போயிற்று, ஊர் டாக்டர் இது இவனுக்கு ஆகாது என்றார். அதற்குப் பிறகும் ஒருமுறை காலில் முள் குத்திப் பழுத்தபோது தாலுகா மருத்துவமனையில் அமாக்சிசிலின் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை, பெயரைப் படித்த மூத்த மகள்தான் பிறகு சொன்னாள் என்றார்.

வயிற்றுப்போக்கு பக்கவிளைவு, ஒவ்வாமை அன்று. பென்சிலின் ஆகாது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுள் மிகப் பெரும்பாலோர் முறையாகச் சோதித்தால் அதைத் தாங்கக்கூடியவர்களே. தவறான அந்த ஒரு சொல், வாய்த்தொற்றுக்கு மிகப் பொருத்தமான மருந்துக் குடும்பத்தை வாழ்நாள் முழுதும் ஒருவரிடமிருந்து விலக்கி வைத்துவிடுகிறது.

சிரை வழியாக அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மருந்து தொடங்கியது. அவர் வழக்குத் தாளின் பின்புறத்தில் நடுங்கும் கையால், "ஏன் இது? ஏன் இன்னும் வலிமையானது இல்லை?" என்று எழுதிக் காட்டினார். மருத்துவர் படித்துவிட்டு, "பிறகு சொல்கிறேன். மருந்தை நம்பி மட்டும் உங்களைப் படுக்க வைக்கப் போவதில்லை. சீழ் வெளியே வர வேண்டும், பல்லும் வெளியே வர வேண்டும்" என்றார். வாய் திறக்காத நிலையில் மயக்கம் கொடுத்துவிட்டுக் குழாய் செருக முயல்வது ஆபத்து. ஆகவே விழிப்பு நிலையிலேயே மூக்கின் வழியே, நுண்குழாய் நோக்கியின் துணையோடு சுவாசக் குழாய் செலுத்தப்பட்டது. கழுத்தைத் திறக்க வேண்டிவந்தால் என்று அதற்கான கருவிகளும் அருகில் தயாராக இருந்தன. தாடை விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே கீறிச் சீழை வடித்தார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். வடிகுழாய் வைத்தார்கள்.

இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் அவரால் பேச முடிந்தது. முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்து நீட்டினார். மருத்துவர் கட்டில் ஓரத்தில் நின்றபடியே பதில் சொன்னார்.

"நீங்கள் தட்டிலிருந்து தொடங்குகிறீர்கள். நாங்கள் அங்கே கடைசியில்தான் வருகிறோம்" என்றார். முதல் கேள்வி, மருந்து வேண்டுமா என்பது. பல்லோடும் ஈறோடும் நிற்கும் சீழுக்குப் பல்லைத் திறந்துவிட்டாலோ பிடுங்கினாலோ போதும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடனடிச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் இத்தகைய பெரும்பாலான நிலைகளுக்கு மருந்து எழுத வேண்டாம் என்றே கூறுகிறது. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய்ப்பூட்டு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை வந்துவிட்டால் மருந்து கட்டாயம். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குத் தனிக் கணக்கு. இரண்டாம் கேள்வி, சீழின் ஊற்றை எப்படி அடைப்பது. மூன்றாவதாகத்தான் எந்த மருந்து என்பது.

அதற்கு, அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வேர்த் தொற்றில் ஒற்றைக் கிருமி இருப்பதில்லை. வாயில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் முதலில் நுழைந்து ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. பின்னர் பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்ற ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அமாக்சிசிலின் இவ்விரு கூட்டத்தில் பெரும்பாலானவற்றை அடக்கும். அதனால்தான் சாதாரண நிலையில் அதுவே முதல் தேர்வு. பிரிவோடெல்லாக்களில் சில பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும். நோய் முற்றியவருக்கு, அந்த நொதியைக் கட்டிப்போடும் கிளாவுலனேட்டைச் சேர்ப்பது அதற்காக. மெட்ரோனிடசோல் ஆக்சிஜன் வேண்டாதவற்றுக்குச் சிறந்தது. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸை அது தொடுவதில்லை. எனவே அதைத் தனியாகக் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும். கிளிண்டமைசின் எலும்பிலும் நன்கு ஊடுருவும். ஆயினும் குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும் என்பதால், உண்மையான பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கென ஒதுக்கி வைப்பதே முறை.

"ஓஃப்ளாக்சசின்?" என்று அவர் கேட்டார்.

"அதை உங்களிடமிருந்துதான் நான் கேட்க வேண்டும்" என்றார் மருத்துவர். வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு எதிராக அதன் வலிமை போதாது. காசநோய் மிகுந்த நாட்டில் குயினோலோன்களை இப்படிச் செலவழிப்பது காசநோயை மறைக்கவும் செய்யும், அதன் கிருமிக்கு எதிர்ப்பைக் கற்றுக்கொடுக்கவும் செய்யும். உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துகளை அணுகத்தக்கவை, கண்காணிக்க வேண்டியவை, இறுதிக்கென ஒதுக்க வேண்டியவை என மூன்றாகப் பிரித்தபோது அமாக்சிசிலின் முதற்பட்டியலிலும் குயினோலோன்கள் இரண்டாம் பட்டியலிலும் இடம்பெற்றன. இது அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய ஆய்வேட்டில் அதற்கெனத் தனி அட்டவணையே இருந்தது.

சீழின் வளர்ப்புச் சோதனை முடிவும் வந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் வளர்ந்திருந்தது. ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியா எதுவும் குறிப்பிடப்படவில்லை. அவற்றை வளர்க்கும் வசதி அங்கு இல்லை. தாளில் பெயர் இல்லையென்பதால் அவை காயத்திலும் இல்லை என்று கொண்டு மருந்தைச் சுருக்கியிருந்தால் தவறாகியிருக்கும். மருத்துவர் சுருக்கவில்லை. வளர்த்துப் பார்க்கும் முன்பே யார் இருப்பார்கள் என்று அறிந்து தேர்ந்தெடுப்பதும், வளர்ந்ததை மட்டும் நம்பி ஏமாறாமல் இருப்பதும் ஒரே அறிவின் இரு பக்கங்கள்.

அவர் வில்லைகளையும் வட்டங்களையும் நினைத்துக்கொண்டார். தட்டில் மருந்தும் பாக்டீரியாவும் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. அங்கே சுவர் இல்லை, சீழ் இல்லை, நின்றுபோன இரத்தம் இல்லை. இந்த மருந்து இந்தக் கிருமியைக் கொல்லுமா என்பதற்குத் தட்டு சரியான விடை சொல்கிறது. மருந்து கிருமி இருக்குமிடத்துக்குப் போய்ச் சேருமா என்று தட்டை எவரும் கேட்பதில்லை. அவரும் ஐந்து ஆண்டுகளில் கேட்டதில்லை.

காய்ச்சல் விட்டு, வீக்கம் வடிந்த பின் மருந்து வாய்வழிக்கு மாற்றப்பட்டது. பத்து நாள், பதினான்கு நாள் என்று நீட்டவில்லை. தொற்றின் ஊற்று நீங்கி, அறிகுறிகள் அடங்கிவிட்டால் மருந்துக்கு வேலை இல்லை. எஞ்சியவற்றைத் தின்பது குடலிலுள்ள பாக்டீரியாக்களுக்குப் பாடம் நடத்துவதாகவே முடியும். மொத்தம் ஏழு நாட்களில் நிறுத்தினார்கள். அறைக்குத் திரும்பியதும், மேசை இழுப்பறையில் கிடந்த பாதி அட்டையை எடுத்துப் பார்த்தார். மார்ச் மாதத்தில் ஒரு பல்லைக் காப்பாற்றுவதற்கு ஆகியிருக்கும் தொகையைவிட, ஜூலையில் பல்லை இழப்பதற்கு அதிகமாகவே செலவாகியிருந்தது. உதவித்தொகையின் நிலுவை ஆகஸ்டில் மொத்தமாக வந்து சேர்ந்தது. அறைத் தோழரின் கடனை அடைத்த பின் மிஞ்சியதை ஊருக்கு அனுப்பினார். தாடைக்குக் கீழே இரண்டு அங்குலத் தழும்பு மட்டும் நின்றது.

செப்டம்பரில் முதலாம் ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர் இரவில் கதவைத் தட்டினார். "தாதா, உங்களிடம் பல் வலி மாத்திரை இருக்கிறதாமே?" என்றார். அவர் விளக்கைப் போட்டு, முதலில் வாயை அகலத் திறக்கச் சொன்னார். திறந்தது. விழுங்கச் சொன்னார். முடிந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். தாடையின் கீழ்ப்புறத்தைத் தடவிப் பார்த்தார். குளிர்ந்த நீர் பட்டால் வலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டார். வலி நிவாரணி ஒன்றை மட்டும் கொடுத்துப் படுக்க வைத்து, காலையில் எட்டு மணிக்கே பல் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துச் சென்று வரிசையில் உடன் நின்றார். தனியார் மருத்துவமனை கேட்பதில் சிறு பங்குக்கு அங்கே வேர்ச் சிகிச்சை நடக்கிறது என்பதை, மார்ச் மாதத்தில் அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

பல்லைத் திறந்து, அழற்சியுற்ற பற்கூழை நீக்கி, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். வெளியே வந்த இளையவர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அதில் வலி நிவாரணியும் அடுத்த வருகையின் தேதியும் மட்டுமே இருந்தன.

"ஆன்டிபயாட்டிக் எழுதவே இல்லையே, தாதா?" என்றார், ஏதோ குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது போல.

"வலி இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் வா, தேநீர் குடிக்கலாம்" என்றார் அவர். "அடுத்த செவ்வாய்க்கிழமை மறக்காமல் வர வேண்டும். நானும் வருகிறேன்."